தண்ணீர் குடிக்கும் வண்டி

மோட்டார் வண்டிக்கு உணவு பெட்ரோல் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அதற்குத் தாகமும் உண்டு என்பதை வண்டி வைத்திருப்பவர்களே பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். உள்ளே எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கும் போவதில்லை, புகையோடும் போவதில்லை, எஞ்சினின் இரும்பிலேயே ஏறி நிற்கிறது. அதை உடனுக்குடன் வாங்கிக்கொண்டுபோய்க் காற்றில் விடுவதற்கு ஒரு தூதன் வேண்டும். அந்தத் தூதன்தான் தண்ணீர். தண்ணீரை உந்துவதற்கு ஒரு பம்ப், வேளை வரும்வரை மறித்து நிறுத்துவதற்குத் தெர்மாஸ்டாட் என்னும் ஒரு கதவு, ஆற்றுவதற்கு ரேடியேட்டர், போக வர ரப்பர்க் குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. இது ஒரு கூட்டுக் குடும்பம். புது வண்டி வாங்கியவருக்கு இக்குடும்பத்தாரின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டு கண்ட அயல்நாட்டு வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு கல்கத்தாவில் குடியிருப்பவரோ, இவர்களில் ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும். அவ்வாறு நாம் ஓராண்டுக்கு மேல் அலைந்தோம். அந்தச் செய்தியை எழுதும்படி பொங்கல் விழாவில் சங்கத்து அன்பர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே எழுதுகிறோம்.

வண்டி நம்முடையது அன்று, நம் தமக்கையாருடையது. டிரையம்ப் ஸ்பிட்பயர் என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தார் 1962-இல் வெளியிட்ட வகை அது. தமக்கையாரிடம் இருந்தது 1965-இல் செய்த வண்டி, சிவப்பு நிறம், எஞ்சின் 1147 கன சென்டிமீட்டர், இருக்கை இரண்டே. தரையோடு தரையாக உட்கார்ந்து செல்ல வேண்டும். பக்கத்தில் பஸ் வந்து நின்றால் அதன் சக்கரம் நம் தோளுக்கு நேரே தெரியும். தேயிலைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் 1971-இல் ஊர் திரும்பியபோது அத்தான் அதை விலைக்கு வாங்கினார். இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டு இருக்கை வண்டி எதற்கு என்று நம் தகப்பனார் பாளையங்கோட்டையிலிருந்து கடிதம் எழுதினார். அத்தான் எழுதிய பதில் குடும்பத்தில் இன்றும் பேசப்படும்: “இது நம் சென்னை ஹெரால்டின் பங்காளி. சாமான் கிடைக்காமற் போகாது.”

அவர் சொன்னது விளையாட்டன்று. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் வண்டியை நம்முள் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. அதற்கு உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கலோட்டி. ஸ்பிட்பயருக்கு வரைந்தவரும் அவரே. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே எஞ்சின் குலத்தில் வந்த எஞ்சினை வைத்துத்தான் ஸ்பிட்பயரைச் செய்தார்கள். அந்த ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு செய்து விற்றார்கள். 1972-இல் அதன் வழியிலேயே கெஸல் என்னும் வண்டியும் வந்தது. கல்கத்தாத் தெருக்களோ அம்பாசிடரால் நிறைந்திருந்தன. உத்தரபாராவில் பிறந்த அந்த வண்டிக்கு வேண்டிய எந்தச் சாமானும் இங்கே மூலைக்கு மூலை கிடைத்தது. அவற்றின் நடுவே சென்னையில் உறவுடைய வண்டி ஒன்றை ஓட்டிச் செல்வதில் அத்தானுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. வேற்றூரில் வாழ்பவனுக்கு உறவு சொல்லிக்கொள்ள ஒரு நூலிழை கிடைத்தால் போதாதா? தமக்கையாரும் 1974-இல் இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றார். ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி விடியற்காலையில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஓட்டிப் பழகியதை வேடிக்கை பார்த்தவர்களுள் நாமும் ஒருவர்.

அத்தான் 2019-இல் காலமானார். அதற்கு ஐந்தாண்டு முன்பே வண்டி பெரும்பாலும் கொட்டகையில்தான் நின்றது. தமக்கையாரின் மகன் புனாவில் வேலையாக இருக்கிறான். 2022 இறுதியில் அவன் வந்தபோது வண்டியை விற்றுவிடலாம் என்றான், அது தவறன்று, எழுபத்தாறு வயதான தாயார் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பாட்டரி மாற்றிக் கார்புரேட்டரைத் துடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி ஓடியது. கரியாஹாட் சந்திப்பை எட்டுவதற்குள் கொதித்து, முன்புறத்திலிருந்து ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வாங்க வந்தவர் இதைக் கண்டு மனம் தளரவில்லை. எஞ்சினையும் ரேடியேட்டரையும் தூக்கி எறிந்துவிட்டு மாருதியினுடையதைப் பொருத்திவிட்டால் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம், மேலுருவம் அழகாக இருந்தால் போதும் என்றார். தமக்கையார் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு நம்மிடம் சொன்னார்:

“கொதிக்கிற வண்டியை ஒருவர் தலையில் கட்ட வேண்டாம், தம்பி. அதன் வயிற்றைக் கிழித்துப்போடவும் கொடுக்க வேண்டாம். கொதிக்காமல் ஓடச் செய். பிறகு யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்.”

நாம் பொறியியல் படித்தவரல்லர். சணல் கம்பெனி ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஆயினும் கணக்கனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, நடுவிலே எங்கே ஒழுகுகிறது என்று தேடாமல் அவனுக்கு உறக்கம் வராது. ஸ்பிட்பயர் வண்டியில் அதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. எஞ்சினை மூடியிருக்கும் முன்பகுதி முழுவதும், விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும், அப்படியே முன்னோக்கிச் சாய்ந்துகொள்ளும். முன் டயரின்மேலேயே உட்கார்ந்து, சமையலறையில் அடுப்பைப் பார்ப்பதுபோல எஞ்சினைப் பார்க்கலாம்.

முதலில் ரேடியேட்டர். மருமகன் தொலைபேசியில், “மாமா, இங்கிலாந்திலிருந்து புது அலுமினிய ரேடியேட்டர் தருவிக்கிறேன், ஒரே மாதம்” என்றான். உண்மைதான். பழைய ஆங்கில வண்டிகளுக்கு அந்நாட்டில் இன்றும் பல சாமான்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் கப்பற்கூலியும் சுங்கவரியும் சேர்ந்தால் அதன் விலை வண்டியின் விலையில் நல்லதொரு பங்காகிவிடும். மேலும் இருக்கும் ரேடியேட்டருக்கு என்ன நேர்ந்தது என்று அறியாமல் வேறொன்றை வாங்குவது நம் கணக்குப் புத்திக்கு ஒவ்வவில்லை. ஆகவே அதைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு மல்லிக் பஜாருக்குப் போனோம்.

மல்லிக் பஜாரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சொல். பார்க் தெருவின் கோடியில், பெரிய சாலையை ஒட்டினாற்போல இருக்கிறது அந்தச் சந்தை. கல்கத்தாவில் செத்துப்போன வண்டிகளெல்லாம் அங்கே உறுப்பு உறுப்பாக மறுபிறவி எடுக்கக் காத்திருக்கின்றன. கூரையிலிருந்து தொங்கும் கதவுகள், மலையாகக் குவிந்த கியர்ப் பெட்டிகள், எண்ணெயில் ஊறிக் கறுத்த தரை. அங்கே ரேடியேட்டர் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் நம்மை அனுப்பினார்கள். எல்லாரும் அவரைச் சாச்சா என்றே அழைத்தார்கள். நாமும் அவ்வாறே அழைத்தோம். அவர் ரேடியேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, மேல் வாயில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, கீழே வரும் தாரையைப் பார்த்தார். குவளை நிறைந்து வழிந்தது. கீழே நூல் போலத்தான் வந்தது. “பாபு, இதற்கு மாரடைப்பு” என்றார்.

பழைய ரேடியேட்டர் பித்தளையும் செம்பும் கொண்டது. மேலும் கீழும் ஒவ்வொரு பித்தளைத் தொட்டி. நடுவே மெல்லிய குழாய்களும் அவற்றைத் தழுவி நிற்கும் செப்பு இதழ்களும் கொண்ட கோர். எல்லாம் ஈயப் பற்றால் ஒட்டியவை. ஊதுவிளக்கின் சுடரைக் காட்டினால் ஈயம் உருகி மூன்றும் தனித்தனியே வந்துவிடும். இக்காலத்து அலுமினிய ரேடியேட்டரில் தொட்டி பிளாஸ்டிக். விளிம்பை மடித்து நெருக்கியிருப்பார்கள். கெட்டால் பெரும்பாலும் தூக்கி எறிவதுதான். சாச்சா மேல் தொட்டியைக் கழற்றிக் காட்டினார். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் வெண்சாம்பல் நிறத்தில் அடைந்திருந்தன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே உப்புத்தான். நம் தமக்கையார் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீர். எத்தனை செம்பு ஊற்றினார்களோ அத்தனை செம்பின் உப்பும் அங்கே கணக்குத் தவறாமல் வரவு வைக்கப்பட்டிருந்தது.

புதுக் கோர் போடுவது என்று முடிவாயிற்று. அளவு ஒத்த செப்புக் கோர் ஒன்றைச் சாச்சா வேறொரு பட்டறையில் சொல்லிச் செய்வித்தார். பழைய தொட்டிகளையே அமிலத்தில் கழுவி அதன்மேல் ஏற்றினார். பின்பு வாய்களை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, ஒரு குமிழியாவது வருகிறதா என்று நம்மையே பார்க்கச் சொன்னார். மூன்று வாரமும் ஒன்பதாயிரம் ரூபாயும் ஆயின. சாச்சா இன்னொன்றும் கேட்டார்: “காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளும் அட்டைகள் இருந்தனவா?” இல்லை, எப்போதோ நைந்து போயிருக்கின்றன. அவை இல்லாவிட்டால் முன்வாயில் நுழையும் காற்று ரேடியேட்டரைத் தொடாமல் ஓரத்தால் நழுவிவிடும். வீட்டில் கிடந்த கெட்டி அட்டையை வெட்டி, வார்னிஷ் பூசி நாமே பொருத்தினோம். அந்த ஆண்டில் நம் கையாலேயே முழுவதும் செய்த வேலை அது ஒன்றே; ஆகவே அதைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்லுகிறோம்.

ரேடியேட்டர் இவ்வளவு அடைந்திருந்தால் எஞ்சினுக்குள்ளே எப்படி இருக்கும்? பக்கவாட்டில் தண்ணீர் வடிப்பதற்கு ஒரு குழாய்த் திருகு உண்டு. அதைத் திறந்தோம், ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை நுழைத்துக் குத்திய பிறகு செங்காவி நிறத்தில் சேறு வரத் தொடங்கிற்று. துருவும் உப்பும் வார்ப்பு மணலும் கலந்த சேறு. ரேடியேட்டரிலிருந்து தொலைவிலுள்ள கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் அது மிகுதியாகப் படிகிறது. தண்ணீர் அங்கே மெல்ல நகர்கிறது. மெல்ல நகரும் ஆறு வண்டலை விடுவதில் வியப்பில்லை. இரண்டு நாள் ரப்பர்க் குழாயைச் செருகி நீரைப் பாய்ச்சினோம். தமக்கையார் மாடத்தில் நின்று, “தெளிந்துவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பிற்பகலில் தெளிந்தது.

அடுத்தது பம்ப். அதன் தண்டு அசைந்தது. அடியிலுள்ள கசிவுத் துளையில் நீர் துளித்தது. உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இந்த வண்டியில் விசிறி பம்பின்மேல் இல்லை. கீழே எஞ்சின் தண்டின் நுனியிலேயே பொருத்தியிருக்கிறார்கள். அதனால் பம்பின் பேரிங்குக்கு விசிறியின் சுமை இல்லை. இத்தனை ஆண்டு தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹவுராவில் பெலிலியஸ் சாலைக்கு எடுத்துச் சென்றோம். வரிசை வரிசையாக லேத் பட்டறைகள் உள்ள இடம் அது. கையில் ஒரு மாதிரியைக் கொடுத்தால் கடைந்து தராத பொருள் அரிது. தண்டும் பேரிங்கும் செய்யலாம் என்றார் பட்டறைக்காரர். ஆனால் உடலைச் சுரண்டிப் பார்த்தபோது சீல் அமரும் இடமே அரிக்கப்பட்டுப் பள்ளமாக இருந்தது. “தாதா, வீட்டை இடித்துவிட்டு வாசற்படியை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுகிறீர்களே” என்று அவர் சிரித்தார்.

இந்த நிலையில்தான் அத்தானின் சொல் நினைவுக்கு வந்தது. இது சென்னை ஹெரால்டின் பங்காளி அல்லவா? சங்கத்தின் 2023 தீபாவளிக் கூட்டத்தில் நாம் நான்கு பேரிடம் சொல்லிவைத்தோம். ஒரு வாரத்துக்குள் டாலிகஞ்சிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மாமனார் மாம்பலத்தில் நெடுங்காலம் ஹெரால்டு வைத்திருந்தாராம். வண்டி போய்விட்டது, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், பரணில் ஒரு தகரப் பெட்டி நிறையச் சாமான்கள் இருக்கின்றன, குப்பைக்குப் போவதற்குமுன் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவருடைய கொழுந்தனார் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பினார். 1960-களின் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்களுக்கு நடுவே, மெழுகுத்தாளில் பொதிந்த பம்ப் ஒன்று, ஒரு முறைகூடத் தண்ணீர் காணாதது, இருந்தது.

அது சென்னை – ஹவுரா மெயிலில், சங்கத்து அன்பர் ஒருவரின் மடியில் வந்து சேர்ந்தது. அதைப் பழைய பம்பின் பக்கத்தில் வைத்து அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்தோம். திருகுத் துளைகள் ஒத்தன. தண்டின் பருமன் ஒத்தது. தண்ணீரைத் தள்ளும் இறக்கை ஒத்தது. சீலின் ரப்பர் மட்டும் அறுபது ஆண்டில் கல்லாக இறுகியிருந்தது. அதை ஹவுராப் பட்டறையில் மாற்றிக்கொண்டோம். ஹெரால்டின் ரேடியேட்டரும் மாம்பலத்தில் கிடந்தது. ஆனால் அது உயரம் மிகுந்தது. ஸ்பிட்பயரின் தாழ்ந்த மூக்கினுள் நுழையாது. பங்காளி வீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாதல்லவா!

தெர்மாஸ்டாட்டைப் பற்றி இரண்டு சொல். நம் நாட்டு மிஸ்திரிகளில் பலருக்கு இதைக் கண்டாலே ஆகாது. வண்டி கொதிக்கிறது என்று போனால் முதலில் இதைப் பிடுங்கி எறிவார்கள். இந்த வண்டியிலும் அதன் இடம் காலியாக இருந்தது. அது ஒரு சிறு பித்தளைக் கிண்ணம், உள்ளே மெழுகு. தண்ணீர் 82 பாகையை அடைந்ததும் மெழுகு உருகிப் பருத்துக் கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினை விரைவில் சூடேற்றுவதே அதன் வேலை. அது இல்லாத எஞ்சின் தை மாதத்துக் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோலும் மிகுதியாகச் செலவாகும், உட்புறமும் தேயும். திறக்காமல் சிக்கிக்கொண்ட தெர்மாஸ்டாட்டை எடுத்துவிடுவது நியாயம். நல்லதையும் எடுத்துவிடுவது, காய்ச்சலுக்கு மூக்கை அறுப்பது போன்ற வைத்தியம் என்பதே நம் கருத்து. இதையும் ரப்பர்க் குழாய்களையும் மருமகன் இங்கிலாந்திலிருந்து தருவித்தான். வந்ததைத் தமக்கையார் தம் பால் காய்ச்சும் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பது கடந்ததும் மெல்ல வாய் திறந்தது. “சரியான ஆள்” என்று சொல்லி இறக்கிவைத்தார்.

எல்லாம் பொருத்தியாயிற்று. 2024 ஏப்ரல் வெயிலைக் கல்கத்தாவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் 43 பாகையைத் தொட்டது. அந்த மாதத்தில்தான் நாம் வண்டியை வெளியே எடுத்தோம். ஏரிக்கரை வரை முள் நடுவிலேயே நின்றது. பாலிகஞ்சில் வண்டி நெரிசலில் கால் மணி நேரம் நின்றபோது முள் ஏறிற்று, பிறகு பழைய ஓசை, பழைய ஆவி. புதுக் கோர், தெளிந்த எஞ்சின், புதுப் பம்ப், புதுத் தெர்மாஸ்டாட். வரவேட்டில் எல்லாம் சரி. ஆயினும் கையிருப்பில் குறைகிறது.

அன்று மாலை தமக்கையார் அலமாரியிலிருந்து நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அத்தான் ஞாயிறுதோறும் வண்டியைப் பார்த்து எழுதியது. அதுவரை அதை அவர் பிரிக்கவில்லை. பிரிக்க மனம் வரவில்லை போலும். நாம் பிறருடைய கணக்கைப் படித்தே பிழைத்தவர். மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தோம். ‘எண்ணெய் சரி. தண்ணீர் அரைத் தம்ளர்’ என்று மாதத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கணக்காக அதே வாசகம். 2011 ஆகஸ்டில் ஒரு வரி: ‘ரேடியேட்டர் மூடி வழியில் விழுந்துவிட்டது. புது மூடி ரூ. 40.’ அடுத்த மாதம் ஒரு தம்ளர். அதற்கடுத்த மாதம் மூன்று. 2012-இல் வாரம் ஒரு செம்பு. ‘மிஸ்திரி சொற்படி தெர்மாஸ்டாட் எடுத்தாயிற்று’. மறுவாரம் மீண்டும் ஒரு செம்பு. 2013-இல் இரண்டு செம்பு.

மூடி என்றால் பாத்திர மூடி அன்று. அதனடியில் ஒரு சுருள்வில் உண்டு. அது ரேடியேட்டர்க் கழுத்தினுள் உள்ள ஒரு விளிம்பை அழுத்தி, தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறக்குறைய 111 பாகை வரை பொறுக்கும். குக்கரில் நடப்பது இதுதான். கழுத்தின் ஆழம் எல்லா வண்டிக்கும் ஒன்றன்று. முக்கால் அங்குலமும் உண்டு, ஒரு அங்குலமும் உண்டு. மறுநாள் சாச்சாவிடம் மூடியைக் கொண்டுபோனோம். அவர் ஒரு தீக்குச்சியைக் கழுத்தில் விட்டு ஆழத்தை நகத்தால் குறித்து, அதே குச்சியை மூடியின் அடியில் வைத்துக் காட்டினார். கால் அங்குலம் எட்டவில்லை. மேலே இறுக மூடியதுபோல் தோன்றும். உள்ளே ஒன்றையும் அழுத்தாது. அந்த நாற்பது ரூபாய் மூடிக்குப்பின் தண்ணீர் ஆவியாகப் போயிற்று. போன அளவுக்குக் கிணற்று நீர் ஊற்றப்பட்டது. நீரோடு உப்பும் வந்து கோரை அடைத்தது. வண்டி நின்ற ஆண்டுகளில் அந்த உப்பு நீரே பம்பையும் அரித்தது. சாச்சா ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். நூறு மூடிகள் இருக்கும். ஆழம் ஒத்து, மேலே 7 என்று பொறித்த ஒன்று கிடைத்தது. 13, 16 என்று பொறித்தவையும் இருந்தன. பெரிய எண் நல்லது என்று எண்ணி அவற்றைப் போட்டால் பழைய ஈயப் பற்றுத்தான் முதலில் பிளக்கும் என்று எச்சரித்தார். விலை கேட்டதற்கு, “கோருக்குக் கொடுத்ததிலேயே அடக்கம்” என்றார்.

கணக்குப் புத்தகத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. 2014 மார்ச்சில், ‘மீண்டும் கொதித்தது. சாமான் கிடைக்கவில்லை. இனி ஏரி வரை மட்டும்’ என்று எழுதியிருந்தார். அதைத் தமக்கையாருக்குப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த ஆண்டுதான் அத்தான் தமக்குக் கண் மங்குகிறது என்று சொல்லி வண்டியை எடுப்பதை நிறுத்தினாராம். தமக்கையார் தாமே ஓட்டுவதாகச் சொன்னதற்கும், தாம் பார்க்க முடியாத சாலையில் அவரை மட்டும் அனுப்ப மனமில்லை என்றாராம். இரண்டு முறை கண் மருத்துவரிடம் அழைத்துப்போய், மருத்துவர் ஒன்றுமில்லை என்றதையும் நம்பாமல் மூன்றாவது ஒருவரிடமும் போயிருக்கிறார்கள்.

“சாமான் கிடைக்காமற் போகாது என்று என் அப்பாவுக்கு எழுதிவிட்டாரே” என்றார் தமக்கையார். பிறகு, “கேட்டிருந்தால் நானே மாம்பலத்துக்குப் போயிருப்பேன்” என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல், வெயில் தாழுமுன்பே, அதே பாலிகஞ்ச் நெரிசலில் அவரே ஓட்டிச்சென்று வேண்டுமென்றே நின்றார். நாம் பக்கத்தில் ஒரு கூஜாத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தோம். முள் சற்று ஏறிற்று. பின்பு அங்கேயே நின்றது. பின்னாலிருந்த டாக்சிக்காரர்கள் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். தமக்கையார் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூஜாவை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

அதன் பிறகும் அவர் தம் சொல்லை மாற்றவில்லை. நவம்பரில் ஜாம்ஷெட்பூரிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் மனைவியோடு வந்தார். டயரின்மேல் உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கத் தெரிந்தவர். விலையில் பெரிய பேரம் இல்லை. மாம்பலத்துத் தகரப் பெட்டியும் பழைய பம்பும் வண்டியோடு போயின. கணக்குப் புத்தகம் போகவில்லை. அதற்குப் பதிலாகப் புதுப் புத்தகம் ஒன்று வாங்கி, முதல் வரியைத் தமக்கையாரே எழுதிக் கொடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டார்கள். கரக்பூரிலிருந்து ஒரு முறையும், ஊர் சேர்ந்தபின் ஒரு முறையும் பேசினார்கள்.

“முள் நடுவைத் தாண்டவில்லை, அம்மா” என்றார் அந்த இளைஞர்.

“அதிருக்கட்டும். ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். எவ்வளவு குடிக்கிறது?” என்று கேட்டார் தமக்கையார்.

இரவு ஒன்பது மணிக்குத்தான் பதில் வந்தது. அரைத் தம்ளர்.